பட்டம் ஆர் தாறது?

வேலணை வங்களாவடிச் சந்தியில் யாழ்ப்பாணப் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் ஏ.எல் முடிவு வந்து சில வாரமான ஒரு பிள்ளை. அவளுடைய தமையனும் நானும் ஒன்றாகப் படித்தவர்கள். கையில் வழுவழுப்பான தாளில் அச்சடித்த விளம்பரப் புத்தகம்.

"அண்ணா, இதை ஒருக்காப் பாருங்கோ. லண்டன் பட்டமாம். கொழும்பில இருந்தே படிக்கலாமாம். கனடா மாமா காசு கட்டுறன் எண்டவர்."

"பட்டம் ஆர் தாறது?" என்று கேட்டேன்.

புரட்டினாள். நீச்சல் தடாகம் இருந்தது. தொப்பியை மேலே எறிகிற பிள்ளைகள் இருந்தார்கள். படித்து முடித்த எல்லாருக்கும் வேலை என்ற கணக்கு இருந்தது. பட்டம் தருகிற பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் கடைசிப் பக்கத்தின் அடியில், மருந்துப் போத்தலில் எழுதியிருக்கிற அளவு எழுத்தில் கிடந்தது. அதற்குள் பஸ் வந்துவிட்டது. மிச்சத்தைப் பஸ்ஸுக்குள் சொல்லத் தொடங்கினேன். மண்கும்பான் போய், அல்லைப்பிட்டி போய், பண்ணைப் பாலம் தாண்டியும் கதை முடியவில்லை. கொழும்பில் ஒரு மென்பொருள் கொம்பனியில் பல வருடம் ஆளெடுக்கிற மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தவன் என்பதால் எனக்கு இதில் கொஞ்சம் வாய் நீளம்.

புதுக் கதை இல்லை

படிக்கிற இடம் ஒன்று, பட்டத்தில் இருக்கிற பெயர் இன்னொன்று. இதைக் கொழும்புக்காரர் நேற்றுக் கண்டுபிடித்ததாக நினைக்க வேண்டாம். யாழ்ப்பாணத்துக்கு இது 150 வருடத்துக்கு மேற்பட்ட பழக்கம்.

1823இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கினார்கள். டானியல் பூர் அதன் முதல் அதிபர். கணிதம், வானியல், தமிழ், ஆங்கிலம் என்று அங்கே நடந்த படிப்பைப் பார்த்துவிட்டு, ஐரோப்பாவின் பல பல்கலைக்கழகங்களோடு ஒப்பிடலாம் என்ற அளவுக்கு, இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் தெனன்ற் எழுதிவைத்தார். ஆனால் பட்டம் கொடுக்கும் அதிகாரம் அதற்குக் கிடைக்கவில்லை. அங்கே படித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் கடல் கடந்து போய்த்தான், 1857இல் உருவான சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் ஆனார்கள். படிப்பு வட்டுக்கோட்டையில், பெயர் சென்னையில்.

செமினரி 1855இல் மூடப்பட்ட காரணம் இன்னும் சுவையானது. மிஷனின் பொஸ்ரன் தலைமையகத்தில் இருந்து வந்த ரூபஸ் அன்டர்சன் கணக்குப் பார்த்தார். பிள்ளைகள் ஆங்கிலம் படிக்கிறார்கள், படித்தவுடன் அரசாங்க உத்தியோகத்துக்கு ஓடுகிறார்கள், ஊழியத்துக்கு ஆள் மிஞ்சவில்லை. வேலை கிடைக்கிறது என்பதற்காகவே மூடப்பட்ட கல்வி நிறுவனம் உலகத்தில் வேறு எத்தனை இருக்கும் என்று தெரியாது. இன்றைக்கென்றால் அதையே முதற்பக்க விளம்பரமாகப் போட்டிருப்பார்கள்.

1872இல் அதன் வழிவந்த யாழ்ப்பாணக் கல்லூரியும் இதே வழியில்தான் போனது. முதலில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தோடு இணைப்பு, பிறகு லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டம். 1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது, சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் கட்டிய பரமேஸ்வராக் கல்லூரி வளவும், வட்டுக்கோட்டையில் அந்தப் பட்டப்படிப்புப் பிரிவு இருந்த இடமும்தான் அதற்கு அடித்தளம். அரசாங்கப் பல்கலைக்கழகத்தின் அத்திவாரத்தில் தனியார் கல்லு கிடக்கிறது என்று சொன்னால் இரண்டு பக்கத்தாரும் கோபிப்பார்கள். ஆனால் உண்மை.

தீவகத்துக்கும் இதில் பங்கு இருக்கிறது. எங்களுக்குப் பக்கத்துக் கரம்பனில் பிறந்த தனிநாயகம் அடிகள் 1940களில் தமிழ் படிக்கப் போனது சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு. அது ராஜா சேர் அண்ணாமலைச் செட்டியாரின் கொடையில் 1929இல் எழுந்தது. தமிழுக்கு அது செய்த வேலை பெரிது. ஆனால் காலப்போக்கில் ஆட்களும் செலவும் கட்டுக்கு மீற, 2013இல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டம் கொண்டுவந்து அதைப் பொறுப்பெடுத்தது. பெரிய பெயர், பழைய பெயர் என்பதற்காகக் கணக்குக் கேட்காமல் விடக் கூடாது என்பதற்கு அது ஒரு சாட்சி.

'யூனி' என்ற சொல்லும் சட்டமும்

இலங்கைச் சட்டத்தில் 'தனியார் பல்கலைக்கழகம்' என்று நாங்கள் வாயால் சொல்கிற பலவற்றுக்கு வேறு பெயர்: பட்டம் வழங்கும் நிறுவனம். 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்துக்கு 1985இல் ஒரு திருத்தம் வந்தது. 25ஏ என்ற பிரிவு. அதன்படி அமைச்சர் ஒரு நிறுவனத்தை அங்கீகரித்து வர்த்தமானியில் வெளியிட்டால் அந்த நிறுவனம் தன் பெயரிலேயே பட்டம் கொடுக்கலாம்.

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். அங்கீகாரம் கட்டடத்துக்கு இல்லை, பட்டத்துக்கு. ஒரே நிறுவனத்தில் ஐந்து பட்டம் வர்த்தமானியில் இருக்கும், புதிதாகத் தொடங்கிய ஆறாவது இருக்காது. "எங்கள் நிறுவனம் யூ.ஜி.சி அங்கீகாரம் பெற்றது" என்று முகப்பில் எழுதியிருப்பது பொய்யாக இராது. ஆனால் நீ சேரப்போகிற பட்டம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. யூ.ஜி.சி என்கிற பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் உயர்கல்வி அமைச்சும் பட்டியலை வெளியிடுகின்றன. பட்டத்தின் முழுப்பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார். 'சிறப்பு' என்ற சொல் ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாவிட்டாலே விசாரிக்க வேண்டும்.

வெளிநாட்டுப் பட்டமென்றால் கணக்கு வேறு. அதைக் கொடுப்பது லண்டனிலோ அவுஸ்திரேலியாவிலோ உள்ள பல்கலைக்கழகம். கொழும்பில் உள்ளவர்கள் வகுப்பு நடத்துகிறார்கள், அவ்வளவுதான். இதில் இழிவு ஒன்றும் இல்லை. 1990இல் கொழும்பில் தொடங்கிய ஐ.ஐ.ரி நிறுவனம் வெஸ்ற்மின்ஸ்ரர் பல்கலைக்கழகப் பட்டத்தை இங்கே படிப்பித்து, நாட்டின் மென்பொருள் துறைக்கு ஏராளமான ஆட்களைக் கொடுத்திருக்கிறது. ஆனால் அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் சங்கத்து நூலிலோ, சர்வதேசப் பல்கலைக்கழகங்களின் சங்கத்துத் தரவுத்தளத்திலோ இருக்க வேண்டும். நாளைக்கு ஆணைக்குழுவிடம் அங்கீகாரக் கடிதம் கேட்டால் அவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். வேலூர், சென்னை என்று தமிழ்நாட்டுக்குப் படிக்கப் போகிறவர்களுக்கும் இதே கடிதம் வேண்டும். 1984இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2001இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான வி.ஐ.ரி போன்ற பெரிய இடமென்றாலும் கடிதம் கடிதம்தான்.

'ஸ்லிட்' என்கிற எடுத்துக்காட்டு

ஒரு நிறுவனத்தை எடுத்துத் தோல் உரித்துப் பார்ப்போம். எங்கள் பிள்ளைகள் அதிகம் விசாரிப்பது ஸ்லிட்டைப் பற்றி. முழுப்பெயர் இலங்கைத் தகவல் தொழில்நுட்ப நிறுவனம். 1999இல் தொடங்கியது. தொடக்கத்தில் பணம் போட்டவர்களில் மகாபொல நம்பிக்கை நிதியமும் ஒன்று. ஆம், அரச பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் கொடுக்கிற அதே மகாபொலதான். பொதுப்பணத்தின் கைபட்ட நிறுவனம் எப்படித் தனித்துப் போனது என்ற கேள்வி பின்னாளில் நாடாளுமன்றத்தில் அரச நிறுவனங்களின் கணக்கைப் பார்க்கிற கோப் குழு வரைக்கும் போனது. அதை நீ தீர்க்கப் போவதில்லை. ஆனால் 'தனியார்' என்ற சொல் இலங்கையில் எவ்வளவு வளைந்து கொடுக்கும் என்று விளங்கிக்கொள்ளலாம். ஹோமாகமவில் இருக்கிற என்.எஸ்.பி.எம் பசுமைப் பல்கலைக்கழகமும் அப்படித்தான். 1968இல் அரசு தொடங்கிய தேசிய வியாபார முகாமை நிறுவனத்தின் கிளையாகப் பிறந்தது. கட்டணம் மட்டும் தனியார் கட்டணம்.

மாலபேயில் ஸ்லிட்டின் பெரிய வளாகம் இருக்கிறது. கணினி, பொறியியல், வணிகம், மனிதப் பண்பியலும் விஞ்ஞானமும், கட்டடக்கலை என்று பீடங்கள். ஐ.ரியில் மட்டும் மென்பொருள் பொறியியல், தரவு விஞ்ஞானம், இணையப் பாதுகாப்பு, வலையமைப்பு என்று பல சிறப்புத் துறைகள். நான்கு வருடம். தன் பெயரிலேயே கொடுக்கிற, வர்த்தமானியில் வந்த பட்டங்களும் உண்டு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் பட்டங்களும் உண்டு. ஒரே படிக்கட்டில் ஏறினாலும் வெளியே வரும்போது பட்டத்தில் இருக்கிற பெயரும் கட்டின காசும் வேறு. சேரும்போதே எந்தக் கதவு என்று தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது யாழ்ப்பாண நகரிலேயே நோர்தேர்ண் யூனி ஸ்லிட்டின் பட்டங்களை நடத்துகிறது. வேலணைப் பிள்ளைக்கு இது சின்ன விசயம் இல்லை. மாலபேயில் படிக்கிற எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் வெள்ளவத்தையில்தான் தங்குவார்கள். சாப்பாட்டுக் கடை, கோயில், தமிழ் கேட்கிற தெரு எல்லாம் அங்கே. காலையில் எட்டரை வகுப்புக்கு ஆறரைக்கு வெளிக்கிட்டு, இரண்டு பஸ் மாறி, நெரிசலில் நின்று, வகுப்புக்குள் போய்த்தான் நித்திரை கொள்வார்கள். அறை வாடகை, சாப்பாடு, பஸ் எல்லாம் நாலு வருடத்துக்குக் கூட்டினால் படிப்புக் கட்டணத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். வீட்டில் இருந்து போய்வருவது அந்தக் காசில் பெரும்பகுதியை மிச்சம் பிடிக்கும்.

ஆனால் எங்களுக்குப் பஸ் இருக்கும், இல்லாமலும் இருக்கும். பின்னேர வகுப்பு எத்தனை மணிக்கு முடியும், தீவுப் பக்கம் கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு? இதைச் சேர முதல் பார்க்க வேண்டும், சேர்ந்த பிறகு இல்லை. நயினாதீவு, நெடுந்தீவுப் பிள்ளைகளுக்குக் குறிகட்டுவானில் வள்ளமும் சேர்த்துக் கணக்கு. அவர்களுக்கு யாழ்ப்பாணத்தில் அறை எடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை. லீவுக்கு ஊருக்குப் போய், காற்றுக்காலத்தில் வள்ளம் ஓடாமல் நின்றுவிடுகிற நாட்களுக்கு வருகைப் பதிவில் ஏதும் இளக்கம் உண்டா என்று கேட்டு வைத்தால் நல்லது. சிரிப்பார்கள். கேள்.

1500 மணித்தியாலம்

பட்டத்தின் எடையை நிறுக்க ஒரு தராசு இருக்கிறது. இலங்கைத் தகைமைச் சட்டகம் என்று பெயர். இதில் ஐந்தாம் மட்டம் சாதாரண இளமாணி, 90 திறமைப் புள்ளி, மூன்று வருடம். ஆறாம் மட்டம் சிறப்பு இளமாணி, 120 புள்ளி, நாலு வருடம். வருடத்துக்கு 30 புள்ளி. ஒரு புள்ளி என்பது மாணவனின் 50 மணித்தியால உழைப்பு. வகுப்பு, வீட்டுவேலை, சோதனைக்குப் படிப்பது எல்லாம் சேர்த்து. ஆக ஒரு வருடத்துக்கு 1500 மணித்தியாலம்.

இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டு விளம்பரங்களைப் படி. 'ஞாயிறு மட்டும் வகுப்பு, 18 மாதத்தில் சிறப்புப் பட்டம்' என்று ஒன்று வரும். ஞாயிற்றுக்கிழமை ஆறு மணித்தியாலம் என்று வைத்தாலும் 18 மாதத்தில் 500ஐக்கூட எட்டாது. மிச்ச 5500ஐ எங்கே வாங்கினார்கள்? சில வேளை நேர்மையான பதில் இருக்கும். முதலே உயர்தேசிய டிப்ளோமா முடித்தவர்களுக்கு அந்தப் புள்ளிகளைக் கழித்துக் கடைசி வருடத்தை மட்டும் படிப்பிக்கிற முறை உண்டு, 'ரொப் அப்' என்பார்கள். தனியார் கொம்பனிகள் பல அதை ஏற்றுக்கொள்ளும். அரசாங்க உத்தியோகம், ஆசிரியர் நியமனம் என்று மனதில் இருந்தால் அது செல்லுமா என்பதை ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிவிட்டுச் சேர். வரவேற்பு மேசையில் இருக்கிற பிள்ளை "ஓம், செல்லும்" என்று சொன்னது பதில் ஆகாது. அவளுக்குச் சம்பளமே அதைச் சொல்வதற்குத்தான்.

நானும் ஒருக்கால் அப்படி ஒரு "ஓம்" கேட்டுத்தான் போனேன். ஏ.எல் முடித்த கையோடு கொழும்பில் ஒரு நிறுவனத்தில் வெளிநாட்டு டிப்ளோமா. அம்மாவின் காப்பு அடகுக்குப் போனது. சான்றிதழ் தடித்த தாளில், பொன் எழுத்தில் வந்தது. அடுத்த படிப்புக்கு விண்ணப்பித்தபோது அந்தப் பொன் எழுத்தை யாரும் வாசிக்கவே இல்லை. காப்பு மீண்டது, அந்த ஒன்றரை வருடம் மீளவில்லை.

தொழிற் சபை என்கிற இரண்டாம் வாசல்

சில தொழிலுக்குப் பட்டம் மட்டும் போதாது. உள்ளே விடுகிற சாவி வேறு ஆளிடம் இருக்கும். பொறியியலாளருக்கு இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம். பொறியியல் பட்டங்களின் தரச் சான்றை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கிற வொஷிங்ரன் உடன்படிக்கையில் அது 2014இல் முழு உறுப்பினரானது. அதன் தரச் சான்று பெற்ற பொறியியல் பட்டம் என்றால் அவுஸ்திரேலியா, கனடா போன்ற இடங்களில் வாசல் கொஞ்சம் அகலம். சட்டம் படித்தால் பட்டத்துக்குப் பிறகும் சட்டக் கல்லூரி இருக்கிறது. மருத்துவத்துக்கு இலங்கை மருத்துவ சபை.

மருத்துவத்தில் இரண்டு தரம் அடிபட்டிருக்கிறோம். 1980களின் தொடக்கத்தில் ராகமவில் வட கொழும்பு மருத்துவக் கல்லூரி தனியாராகத் தொடங்கியது. இலவசக் கல்வியை விற்கிறார்கள் என்று தெற்கில் மாணவர் போராட்டம் வெடித்தது. 1989இல் அரசு அதைப் பொறுப்பெடுத்தது. இன்றைக்கு அது களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடம். பிறகு மாலபேயில் சைட்டம் என்ற தனியார் மருத்துவக் கல்லூரி வந்தது. படித்து முடித்த பிள்ளைகளைப் பதிவுசெய்ய மருத்துவ சபை மறுத்தது. 2017 தொடக்கத்தில் மேன்முறையீட்டு நீதிமன்றம் மாணவர் பக்கம் தீர்ப்பளித்தது. வேலைநிறுத்தம், ஊர்வலம், கண்ணீர்ப்புகை. கடைசியில் சைட்டம் கலைந்தது. பிள்ளைகளைக் கொத்தலாவலைப் பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றினார்கள். அந்தப் பிள்ளைகள் எந்தப் பிழையும் செய்யவில்லை. கட்டணம் கட்டினார்கள், படித்தார்கள், சோதனை பாஸ் பண்ணினார்கள். சாவி வைத்திருந்தவரிடம் மட்டும் முதலே கேட்கவில்லை.

இந்தக் கோபத்துக்கு ஒரு வேர் இருக்கிறது, அதையும் தெரிந்துகொள். கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கராவின் இலவசக் கல்வியில்தான் மத்திய கல்லூரிகள் எழுந்தன. வேலணை மத்திய கல்லூரியில் படித்த எவரும் அதன் பயனை வீட்டில் உணர்ந்தவர்கள். காசு கட்டிப் பட்டம் வாங்குவதைப் பலர் இன்னும் உறுத்தலோடு பார்ப்பது அதனால்தான். எனக்கும் அந்த உறுத்தல் உண்டு. ஆனால் இசட் புள்ளியில் நூலிழையில் தவறிய பிள்ளையிடம் போய் அந்த உறுத்தலை ஒப்படைக்க மனம் வராது. பல்கலைக்கழக அனுமதி மாவட்ட அடிப்படையில் என்று பேர்தான். கணித ஆசிரியர் இல்லாத தீவுப் பள்ளிக்கூடப் பிள்ளையும், நகரத்தில் மூன்று இடத்தில் ரியூசன் போகிற பிள்ளையும் ஒரே யாழ் மாவட்டத்துக்குள் நின்றுதான் ஓட வேண்டும்.

காசு

கனடா மாமா கட்டுவார். சரி. எத்தனை வருடத்துக்கு? அவருக்கும் அங்கே வீட்டுக் கடன் இருக்கிறது, அவருடைய பிள்ளையும் அடுத்த வருடம் யூனிக்குப் போகும். முதல் வருடக் கட்டணம் கட்டுவது அன்பு, நாலாம் வருடக் கட்டணம் கட்டுவது வேறு ஏதோ. ஐ.ரி சிறப்புப் பட்டத்துக்கு இன்றைக்குப் பத்து இலட்சத்தைத் தாண்டுவது வழமை. முழுத் தொகையையும் ஒரு தாளில் எழுதி, யார் எந்த மாதம் எவ்வளவு என்று கதைத்துவிட்டுத் தொடங்குவது உறவுக்கும் நல்லது.

இன்னொன்று, கட்டணம் ரூபாயிலா, பவுணிலா? 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு அமெரிக்க டொலர் சுமார் 200 ரூபாய். மே மாதத்தில் சுமார் 360. பவுணும் கூடவே ஏற, வெளிநாட்டுப் பட்டத்துக்குப் பவுணில் கட்டவேண்டி இருந்த பிள்ளைகளின் தவணை இரண்டு மாதத்துக்குள் அரை மடங்குக்கு மேல் ஏறிப்போனது. தகப்பனுடைய சம்பளம் ஏறவில்லை, தோட்டத்துப் புகையிலையும் அந்த வேகத்தில் ஏறவில்லை. மாமா டொலரில் அனுப்பினால் இது உனக்கு வெய்யிலில் குடை. ஊர் உழைப்பில் கட்டுகிறவர்கள் ரூபாயில் நிர்ணயித்த கட்டணத்தை மட்டும் தேடுவது புத்தி.

கட்டணத் தாளின் இரண்டாம் பக்கத்தையும் கேட்டு வாங்கு. பதிவுக் கட்டணம், மீள்தேர்வுக் கட்டணம், பட்டமளிப்பு விழாக் கட்டணம் எல்லாம் அங்கேதான் குந்தியிருக்கும். இடையில் விலகினால் எவ்வளவு திரும்பும் என்றும் பார்.

ஏ.எல்லில் மூன்று பாடமும் சித்தியடைந்து அரச பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களுக்கு, 2017இல் இருந்து உயர்கல்வி அமைச்சின் வட்டியில்லாக் கடன் திட்டம் ஒன்று இருக்கிறது. தெரிவுசெய்த அரச சாரா நிறுவனங்களின் தெரிவுசெய்த பட்டங்களுக்கு மட்டும். பிணை நிற்க ஆள் வேண்டும். விளம்பரம் வரும்போது பட்டங்களின் பட்டியலும் வரும். கடன் எடுக்காதவர்களும் அந்தப் பட்டியலைப் பார்க்கலாம். அரசாங்கமே தன் காசைக் கொடுக்கத் துணிந்த பட்டம் எது என்று அதில் தெரியும்.

காசு குறைந்த வழிகளும் வழிகளே

விளம்பரம் போடாதவை கண்ணில் படாது. கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி 2000இல் இருந்து பி.ஐ.ரி என்ற வெளிவாரிப் பட்டத்தை நடத்துகிறது. வகுப்புக்குப் போக வேண்டிய கட்டாயம் இல்லை. கட்டணம் தனியார் நிறுவனங்களோடு ஒப்பிட்டால் கொசுறு. சேர்கிறவர்கள் அதிகம், முடிக்கிறவர்கள் குறைவு. அதனாலேயே முடித்தவர்களுக்கு மதிப்பு. திறந்த பல்கலைக்கழகத்துக்கு யாழ்ப்பாணத்தில் பிராந்திய நிலையம் இருக்கிறது, வேலை செய்துகொண்டே பட்டம் எடுக்கலாம். உயர் தொழில்நுட்ப நிறுவகத்தில் கணக்கியல், ஐ.ரி, ஆங்கிலம் என்று உயர்தேசிய டிப்ளோமாக்கள், அரசாங்கம் நடத்துகிறது. கையில் தொழில் பழகியவர்களுக்கு என்.வி.கியூ ஏணி இருக்கிறது. அதில் ஏறினால் தொழிற்கல்விப் பல்கலைக்கழகத்தில் ஏழாம் மட்டத்தில் பட்டமே எடுக்கலாம். மோட்டார் திருத்துகிற பெடியனும் பட்டதாரி ஆகலாம் என்பதை எங்கள் ஊரில் இன்னும் நம்ப மாட்டார்கள்.

மேசைக்கு இந்தப் பக்கம்

ஒரு நாள் பயிலுநர் ஒருவரை எடுக்க நேர்முகம் வைத்தோம். கடைசிச் சுற்றில் இரண்டு பேர். ஒருவர் பெயர்பெற்ற தனியார் நிறுவனத்தில் மூன்றாம் வருடம். சி.வி வடிவாக இருந்தது, குழுவாகச் செய்த வைத்தியசாலை முகாமை மென்பொருள் ஒன்றும் அதில் இருந்தது. "இதில் நீங்கள் எழுதின பகுதி எது?" என்று கேட்டேன். தண்ணீர் குடித்தார். திரும்பவும் கேட்டேன். அறிக்கை தயாரித்தது தான் என்றார். மற்றவர் யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில் கணக்குப் பார்த்துக்கொண்டு வெளிவாரியாகப் படிக்கிற பெடியன். அந்தக் கடைக்குக் கடன் கொப்பி ஒன்றை அலைபேசிச் செயலியாகச் செய்து வைத்திருந்தான். ஆர் ஆர் எவ்வளவு தரவேணும், எத்தனை நாள் தவணை தாண்டிவிட்டது எல்லாம் காட்டும். அழகில்லை. ஓடியது. முதலாளி தினமும் அதைப் பாவிக்கிறார் என்றான். "முதலாளி திட்டினால் அண்டிரவே திருத்துவன்" என்றான். அவனைத்தான் எடுத்தோம்.

இதை வைத்துத் தனியார் பட்டம் வீண் என்று சொல்ல வரவில்லை. அடுத்த வருடம் நாங்கள் எடுத்த மூன்று பேரும் தனியார் நிறுவனத்துப் பிள்ளைகள். பட்டம் உன்னை மேசைக்கு முன்னால் கொண்டுவந்து இருத்தும். இருந்த பிறகு கேட்கிற கேள்விக்கு விளம்பரப் புத்தகத்தில் பதில் இல்லை. ஆகவே நிறுவனத்தில் விசாரிக்கும்போது இதையும் கேள்: தொழிற்பயிற்சி கட்டாயமா, எந்த வருடத்தில், இடத்தை அவர்கள் பிடித்துத் தருவார்களா, நீயே தேடவேண்டுமா? யாழ்ப்பாணத்தில் இருந்து படிப்பதென்றால் பயிற்சியும் யாழ்ப்பாணத்திலேயே எடுக்கலாமா? யாழ் ஐ.ரி ஹப் நடத்துகிற போட்டிகளுக்கும் கூட்டங்களுக்கும் போய்வா. அங்கே வருகிறவர்கள்தான் பிறகு ஆள் தேடுகிறவர்கள்.

ஆங்கிலத்தைப் பற்றி நான் சொல்லாவிட்டால் வேறு ஆரும் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் சொன்னால் சேர மாட்டீர்கள். பட்டம் முழுக்க ஆங்கிலத்தில். தமிழில் ஏ.எல் படித்த பிள்ளை முதல் தவணையில் தடுமாறுவது மூளைக் குறைவால் இல்லை. விரிவுரையாளர் ஒரு வசனத்தை முடிக்கும்போது இவள் முதற்சொல்லை மொழிபெயர்த்துக்கொண்டு இருப்பாள். முடிவு வந்ததில் இருந்து வகுப்புத் தொடங்கும் வரை கிடைக்கிற மாதங்களை நித்திரைக்கும் கல்யாணவீட்டுக்கும் கொடுக்காதே. எடுக்கப் போகிற பாடத்தின் முதற்புத்தகம் ஒன்றை எடு. நாளுக்கு இரண்டு பக்கம், சத்தமாக. விளங்காத சொல்லைக் கொப்பியில் எழுது. வீட்டில் சிரிப்பார்கள். ஒரு கிழமையில் அலுத்துப்போய் விட்டுவிடுவார்கள்.

யாழ்ப்பாணப் பஸ் நிலையத்தில் இறங்கியபோது அவளுடைய புத்தகத்தின் பின் அட்டையில் ஐந்து கேள்வி எழுதிக் கொடுத்தேன். பட்டத்தில் யாருடைய பெயர் வரும்? அந்தப் பட்டத்தின் வர்த்தமானி இலக்கம் என்ன, வெளிநாடு என்றால் எந்தப் பட்டியலில் இருக்கிறது? தகைமைச் சட்டகத்தில் எத்தனையாம் மட்டம்? நாலு வருடத்துக்கும் சேர்த்து மொத்தக் காசு எவ்வளவு, எந்த நாணயத்தில்? கட்டாயப் பயிற்சி எங்கே? தொலைபேசியில் கேட்காதே, மின்னஞ்சல் போடு, பதில் எழுத்தில் வரட்டும் என்றேன்.

பத்து நாள் கழித்து வட்ஸ்அப்பில் குரல் பதிவு வந்தது. பின்னால் சாட்டிக் கடற்கரைக் காற்று இரைந்துகொண்டிருந்தது.

"அண்ணா, மூண்டு கேள்விக்குப் பதில் போட்டிருக்கினம். காசுக் கேள்விக்கு நேரில வாங்கோ கதைப்பம் எண்டு கிடக்கு. வர்த்தமானிக் கேள்வியைக் காணேல்ல. நான் திரும்பவும் மெயில் போட்டிருக்கிறன். மாமாவிட்டையும் சொல்லிப்போட்டன், பதில் வரும்வரைக்கும் காசு அனுப்பவேண்டாம் எண்டு."